சாட்சி சொல்லத் தயங்கும் திருச்சபை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினராக அங்கீகரிக்க வேண்டும் என்ற கோரிக்கை குறித்து, தென் மாவட்டக் கிராமச் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) ஒன்றின் குருவானவர் என்ற முறையில் சில கருத்துகளைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். கோரிக்கை நியாயமானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அதை மேடைதோறும் முழங்கும் திருச்சபைகள், தங்கள் கைவசமுள்ள மிக வலுவான ஆதாரத்தை வெளியே எடுக்க மட்டும் தயங்குகின்றன.

1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான, பட்டியல் சாதிகளை வரையறுக்கும் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர்களைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கியது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான் நிற்கிறார்கள். அந்தப் பத்தியை நீக்கலாம் என்று ஒன்றிய அரசு அமைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது; தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. இடையில் ஒன்றிய அரசு, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் புதிய ஆணையம் ஒன்றை அமைத்து, இப்பொருளை மீண்டும் முதலிலிருந்து ஆராயச் சொன்னது.

இந்த இடத்தில் 1985இல் வந்த சூசை வழக்கின் தீர்ப்பை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த அவருக்கு, அதே தொழில் செய்த மற்றவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தபோது, மதம் மாறிய பிறகும் கிறிஸ்தவ சமுதாயத்துக்குள் அதே கொடுமை அதே கடுமையுடன் தொடர்கிறது என்பதைக் காட்டும் விரிவான சான்றுகள் தன்முன் வைக்கப்படவில்லை என்று சொன்னது. அந்தச் சான்றுகளைத் திரட்டித் தரும் வலிமை செருப்புத் தைக்கும் ஒருவருக்கு எங்கிருந்து வரும்? பதிவேடுகளையும் கமிட்டித் தீர்மானங்களையும் கல்லறைக் கணக்குகளையும் பல தலைமுறைகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் திருச்சபைகளுக்குத்தான் அது முடியும்.

நம் பதிவேடுகளோ இப்போது வேறு வகையில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், அவர் குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றதற்கான பதிவும் உச்ச நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான ஆதாரமாயிற்று. வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் அதன் நிழல் எங்கள் சேகரங்களில் எப்படி விழுகிறது என்பதை நகரத்தில் இருப்பவர்கள் அறிய வேண்டும். "கோயில் (தேவாலய) கல்யாணம் வேண்டாம் ஐயா, ரிஜிஸ்தர் ஆபீசில் பதிந்துவிட்டு வருகிறோம், வீட்டில் வந்து ஜெபம் மட்டும் பண்ணிவிட்டுப் போங்கள்" என்று கேட்கும் தகப்பன்மார் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வாரம் தவறாமல் ஆராதனைக்கு வருபவர்கள். பையனுக்கு அரசு வேலை கிடைக்கட்டும், அதன்பின் ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடும் தாய்மாரும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், கோயிலில் கூப்பிட ஒரு பெயர் என்று இரட்டை வாழ்க்கை வாழும் இவர்களைப் போலிகள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்களை அப்படி வாழவைத்தது அந்த மூன்றாம் பத்தி.

"உங்கள் மதத்தில்தான் சாதி கிடையாதே, பிறகு எதற்குச் சலுகை?" என்று எதிர்த்தரப்பார் கேட்கும்போது நம் தலைவர்கள் திணறிப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கிறிஸ்துவுக்குள் சாதியில்லை என்கிறோம். திங்கட்கிழமை ஆணையத்துக்கு அனுப்பும் மனுவில் சாதியால் ஒடுக்கப்படுகிறோம் என்கிறோம். இரண்டில் முதலாவது நம் விசுவாசம், இரண்டாவது நம் நடைமுறை. அதை அப்படியே ஒப்புக்கொண்டு பேசினால் திணறல் ஏன் வரப்போகிறது?

நடைமுறையை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்காக எழுப்பப்பட்ட சுவரைப் பற்றிச் செய்தித்தாள்கள் பலமுறை எழுதிவிட்டன. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு (தங்களுக்கெனத் தனி ஆலய நிர்வாகம்) கேட்டதையொட்டி எழுந்த கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போன பிறகுதான் அடங்கியது. இவை கத்தோலிக்கர் விவகாரம் என்று எங்களைப் போன்ற சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையார் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. கிறிஸ்மஸ் கேரல் பவனி எந்தத் தெரு முனையோடு திரும்புகிறது, சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் சமையல் பொறுப்பு யாரிடம் போவதேயில்லை, திருமண்டலத் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட நிர்வாகப் பகுதி) தேர்தலில் வேட்பாளர் பட்டியல் எந்தக் கணக்கில் தயாராகிறது என்பதெல்லாம் ஊரறிந்த இரகசியங்கள். கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இலேயே சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிடும்படி எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை ஏற்காமல் விலகிப்போனவர்கள் பலர். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும் புலவரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார் என்பது, அவருடைய கீர்த்தனைகளை உருகிப் பாடும் எங்களுக்குக் கசப்பான செய்திதான்.

பதவிகளில் மாற்றம் வந்திருப்பதை நான் மறுக்கவில்லை. 2022இல் இந்தியாவின் முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட்டார். தென்னிந்தியத் திருச்சபையிலும் தலித் பேராயர்கள் இருந்திருக்கிறார்கள். ஆயினும் பேராயரின் நாற்காலியை வைத்துக் தலித் மக்கள் வாழும் கீழத்தெருவின் நிலையை அளந்துவிட முடியாது.

ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாகவும், நவம்பரின் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாகவும் அனுசரிக்கிறோம். கறுப்புத் துணி கட்டுகிறோம், பேரணி போகிறோம். இவற்றோடு, ஒவ்வொரு திருமண்டலமும் மறைமாவட்டமும் தன் எல்லைக்குள் எத்தனை கல்லறைத் தோட்டங்கள் சாதிவாரியாகப் பிரிந்துள்ளன, எத்தனை ஊர்களில் ஒரே சபைக்கு இரண்டு ஆலயங்கள் உள்ளன, திருச்சபைப் பள்ளி கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்களில் தலித் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர் என்பதைத் தானே கணக்கெடுத்து, பேராயரின் கையொப்பத்துடன் பொதுவில் வெளியிட வேண்டும். அரசு அமைக்கும் ஆணையத்திடமும், 2004 முதல் இக்கோரிக்கை மீதான வழக்கு நிலுவையில் கிடக்கும் உச்ச நீதிமன்றத்திலும் அதையே சான்றாகத் தாக்கல் செய்ய வேண்டும். மானம் போய்விடும் என்று அஞ்சும் நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை: அந்தக் கணக்கைத் திருச்சபைக்கு எதிராகப் பயன்படுத்த நினைப்பவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அதை வைத்து நியாயம் கேட்க வேண்டியவர்களிடம்தான் இல்லை.

இப்படிக்கு,
ஒரு கிராமச் சேகர குருவானவர்,
தென் தமிழ்நாடு