லீவுப் படிவத்தில் எழுதிய காரணம்

கிளிநொச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. முதலில் ஊர்ப் புதினம். காலபோக வெட்டு முடிந்துவிட்டது. எங்கள் நாலு ஏக்கரையும் மெசின் ஒரே நாளில் வெட்டித் தள்ளிவிட்டது. அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டார். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்பதால் சிறுபோகத்துக்கும் சிலர் ஆயத்தப்படுகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனாலும் விடிய எழும்பி முற்றம் கூட்டுவதை விடுகிறாரில்லை. நீ வெளிக்கிட முதல் நட்டுவிட்டுப் போன கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த முறையும் நிறையப் பூத்திருக்கிறது.

உன் கடிதத்தில் ஒரு வரியை நான் பலமுறை வாசித்தேன். "ஆறு வருசமாய் வெளிக்கிடுறன், லீவு சரிவருதில்லை" என்று எழுதியிருந்தாய். நீ கனடாவில், ஸ்காபரோவில் இருந்துகொண்டு சொல்வதைத்தான் நான் இங்கே பதினெட்டு மைல் தூரத்தில் இருக்கும் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கா வீட்டில் ஓர் இரவு தங்கி எத்தனை வருடம் தெரியுமா?

நீ இருக்கும் ஒன்டாரியோ மாகாணச் சட்டப்படி ஐந்து வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு இரண்டு கிழமை, அதற்கு மேல் மூன்று கிழமை. லீவுக்கான காசு சம்பளத்தில் நாலு வீதம், பிறகு ஆறு வீதம். ஆனால் உனக்கு அந்த நாலு வீதம் ஒவ்வொரு சம்பளத்தோடும் சேர்ந்தே வந்து, வீட்டு வாடகையோடு போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் லீவு எடுக்கும் கிழமையில் கையில் ஒரு சதமும் வராது. காகிதத்தில் உனக்கு லீவு இருக்கிறது, எடுத்தால் அடுப்பு எரியாது. நீ சோம்பலாகவோ ஊரை மறந்தோ வராமல் இருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு வடிவாக விளங்கியது. உன்னோடு கோபித்துக்கொண்டு இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு.

இனி என் பக்கத்தைக் கேள். எங்கள் நாட்டில் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று 1954இல் வந்த ஒன்று இருக்கிறது. வருடத்துக்குப் 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் தற்செயல் லீவு. அந்தப் பதினான்கில் ஏழு நாளையாவது தொடர்ச்சியாக எடுக்கவேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நானும் நீயும் பிறக்க முன்னரே எழுதி வைத்துவிட்டார்கள். நான் இந்த நிதி நிறுவனத்தில் சேர்ந்தது 2012இல். அன்றிலிருந்து போன வருடம் வரை ஒரு தடவையாவது ஏழு நாள் சேர்த்து எடுத்தேனா? இல்லை. எவரும் என்னை மறித்ததும் இல்லை. அதைத்தான் நான் கனகாலமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் மறிக்காமலே ஏன் போகமுடியவில்லை?

போன வைகாசியில் நடந்ததைச் சொன்னால் உனக்கு விளங்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புத் தண்ணீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரித்து, பிறகு அம்மன் கோயிலுக்கு வருவார்களே, நீயும் நானும் சின்ன வயதில் இரவிரவாக முழித்திருந்து பார்த்தது. ஒரு நாள் லீவுதான் எடுத்திருந்தேன். சனமென்றால் சொல்லி வேலையில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல முன்னுக்கு வந்துகொண்டிருந்தார். அப்போது போன் அடித்தது. வேலையிடத்தில் இருந்து, மாதக் கடைசிக் கலெக்‌ஷன் கணக்கு. சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அம்மாவின் கையை விட்டுவிட்டு வெளியே, வாகனங்கள் நிற்கும் பக்கமாகப் போனேன். கதைத்து முடிய இருபது நிமிடம். திரும்பி வந்தபோது அம்மா இல்லை. பக்கத்து வீட்டு மாமி கைபிடித்து உள்ளே கூட்டிப்போயிருந்தார். அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுக்க மாமியோடுதான் கதைத்துக்கொண்டு வந்தார்.

அந்தக் கணக்கு மறுநாள் கொடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

அன்றிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தேன். முதலாவது, இலக்கு. எனக்கு மாதம் இவ்வளவு வசூலிக்கவேண்டும் என்று தருகிறார்கள். நான் 22 நாள் வேலை செய்தாலும் அதேதான், 15 நாள் செய்தாலும் அதேதான். அப்படியென்றால் லீவு நாளின் வேலையை லீவுக்கு முதலோ பிறகோ நானேதான் செய்யவேண்டும். அது லீவே இல்லை மச்சான், கடன். அதுவும் வட்டியோடு கட்டும் கடன், ஏனென்றால் நிலுவை ஒரு கிழமை பிந்தினால் வாடிக்கையாளர் வீட்டுக்கு இரண்டு தரம் போகவேண்டி வரும்.

இரண்டாவது, போன் நம்பர். விசுவமடுவில் இருந்து அக்கராயன் வரை என் சொந்த நம்பர் சனத்திடம் இருக்கிறது. லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் லீசிங் எடுத்தவர், தையல் மெசினுக்குக் கடன் எடுத்த அக்கா, எல்லோருக்கும் கம்பனி என்றால் நான்தான். அவர்களில் பிழையில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று நாங்கள் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குமேல் வாட்ஸ்அப் குழு. காலை ஏழு மணிக்கே நேற்றைய கணக்குக் கேட்டுச் செய்தி வந்துவிடும்.

மூன்றாவதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. லீவு எடுக்கும்போதெல்லாம் எதற்கு எடுத்தோம் என்று எண்ணிப் பார். செத்தவீடு, அந்தியேட்டி, கலியாணம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக் கிளினிக், காணி உறுதி அலுவல். லீவு என்பது நமக்குக் கடமைக்குரியது. படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் இத்தனை வருடத்தில் 'ஓய்வு' என்று நான் எழுதியதே இல்லை. 'சொந்த அலுவல்' என்றுதான் எழுதுவேன். ஒருவர் சும்மா வீட்டில் இருந்தால் சனம் "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்கும். களைத்திருக்கிறேன் என்று சொல்வது நமக்கு வெட்கம்.

மனிசிக்கு அரச உத்தியோகம், கிராம அலுவலர். வருடத்தில் 45 நாள், 24 ஓய்வு லீவு, 21 தற்செயல் லீவு. கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் லீவுப் படிவத்தில் பதில் கடமை பார்ப்பவர் கையெழுத்து வைக்கவேண்டும். பக்கத்துப் பிரிவு விதானையாருக்கே தலைக்கு மேல் வேலை. அவரிடம் போய் என் பிரிவையும் பாருங்கள் என்று கேட்க இவளுக்கு மனம் வராது. 2018 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும், இரணைமடுக் கதவுகளைத் திறந்து ஊரெல்லாம் தண்ணீர். பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனத்தோடு மூன்று இரவு நின்றாள், போனை ட்ராக்டர் பற்றரியில் சார்ஜ் போட்டு. அப்படி ஒரு நேரத்தில் நிற்கத்தான் வேண்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் அதே மாதிரித்தான் விடிய ஐந்து மணிக்கு வதிவிட அத்தாட்சிக்கு அழைப்பு வருகிறது. அவசரமும் அலுவலும் ஒரே மணிச் சத்தத்தில் வந்தால் மனுசருக்கு எப்படிப் பிரித்தறிவது?

அக்காவின் மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அவளுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அந்த மாதத்து வரவுக் கொடுப்பனவு போய்விடும். காய்ச்சலோடும் பஸ் ஏறுகிறாள். அவளோடு ஒப்பிட்டால் நான் முறையிட இடமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அது நமக்குத்தான் தெரியும். நாங்கள் படித்த காலத்தில் கைத்தொலைபேசியைக் கண்ணாலும் கண்டதில்லை. 2009இல் மெனிக் பாம் முகாமில் ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கும்போது நாம் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது நினைவிருக்கிறதா? யார் உயிரோடு இருக்கிறார், யார் எந்த முகாமில் என்று தெரியாமல் மாதக்கணக்காய். அதற்குப் பிறகு கையில் போன் வந்தபோது அது நமக்கு வெறும் போன் இல்லை. அது அடித்தால் எடுக்கவேண்டும். எடுக்காவிட்டால் மற்றப் பக்கத்தில் இருப்பவருக்கு நெஞ்சு பதறும். எனக்கு இன்றைக்கும் அப்படித்தான். போனை நிறுத்தி வைத்தால் யாரையோ கைவிட்டதுபோல் இருக்கிறது. வேலையும் அப்படித்தான். ஒருமுறை எல்லாம் இல்லாமல் போய், தகரக் கொட்டிலில் இருந்து திரும்பத் தொடங்கியவர்கள் நாம். கை ஓய்ந்தால் மறுபடி எல்லாம் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பயத்தை எந்த மேலாளரும் எனக்குத் தரவில்லை, ஆனால் எல்லா மேலாளருக்கும் இது உதவுகிறது.

அப்பாவின் காலத்தை நினைத்துப் பார்த்தேன். அவருக்கு வேலை குறைவில்லை. கதிர் முற்றும் காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் பயந்து காவல் கொட்டிலில் இரவிரவாக நித்திரையில்லை. ஆனால் சூடடித்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த வேலை முடிந்தது. வயல் காய்ந்து கிடக்கும், மாடுகள் தாள் மேயும், அப்பா கூத்துப் பார்க்கவும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போய் நாள்கணக்காய் இருந்துவிட்டு வருவார். வயலே அவரை விட்டுவிடும். என் வேலைக்குச் சூடடிப்பு இல்லை. மாதம் முடிந்தால் மறுநாளே அடுத்த மாதம்.

சரி, செய்ததைச் சொல்கிறேன். தை கடைசியில் படிவம் எடுத்து ஏழு நாள் தொடர்ச்சியாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'ஓய்வு' என்று போட்டேன். எழுதுவினைஞர் தங்கச்சி வாசித்துவிட்டு, "அண்ணை, சொந்த அலுவல் என்று மாத்துவமோ, மேல கேள்வி வரும்" என்றாள். நான் மாற்றவில்லை. கேள்வி வந்ததுதான். மாத முடிவு கழிந்து போகச் சொன்னார்கள், அது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

ஆனால் போக முன் இரண்டு கிழமை வேலை செய்தேன், அதுதான் இதில் முக்கியம். என்னோடு வேலை செய்யும் இளம் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய், "இந்தக் கிழமை இவதான் வருவா, காசு இவட்டைக் குடுங்கோ" என்று முகத்தைக் காட்டிச் சொன்னேன். யார் எந்த நாளில் கட்டுவார், யாருக்கு எவ்வளவு தவணை விடலாம் என்று கொப்பியில் எழுதி, தவணை விடும் அதிகாரத்தையும் அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். பிறகு வேலை சிம்மைப் பட்டன் போனில் போட்டு அவள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வீட்டு ஆட்களுக்கு வேறு நம்பர். பயம் அப்போதுதான் கொஞ்சம் விட்டது, ஏனென்றால் போன் நிற்கவில்லை, வேறொருவர் எடுக்கிறார்.

முதல் இரண்டு நாளும் கை சட்டைப் பையைத் தேடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் திண்ணையில் படுத்தவன் பின்னேரம் தேத்தண்ணிக்கு எழுப்பும் வரை நித்திரை. கிணற்றுக் கப்பியை மாற்றினேன். அம்மாவை அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு இரவு நின்றோம். வரும்போது முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, அவசரமில்லாமல் அங்கேயே இருந்து சாப்பிட்டோம். ஏ9 வீதியில் வாகனங்கள் நின்று நின்று போவதைப் பார்த்துக்கொண்டு அம்மா உன்னைப் பற்றித்தான் கதைத்தார்.

திரும்பிப் போனபோது ஒரு தவணை பிந்தியிருந்தது, அதற்குப் பேச்சு வாங்கினேன். இன்னொன்றும் நடந்தது. ஓர் அம்மா கட்டிய காசை நான் வேறொருவர் கணக்கில் பதிந்திருந்ததை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாள். வங்கிகளில் சில ஊழியரைக் கட்டாயமாகத் தொடர் லீவில் அனுப்புவது இதற்காகத்தான், வேறு கண் கணக்கைப் பார்க்கவேண்டும் என்று. களைத்த கண்ணால் நான் எத்தனை மாதம் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டியிருப்பேன்! அந்த அம்மா பிந்தியதாக எண்ணி வட்டி கட்டியிருந்தால்?

வெளிநாடுகளில் இதற்கென்று சட்டங்கள் வருகின்றன. ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பு கொள்வது பற்றி ஒரு கொள்கை எழுதி வைத்திருக்கவேண்டும், 2022இலிருந்து. நீ வேலை செய்யும் களஞ்சியத்தில் அது எங்கே ஒட்டியிருக்கிறது என்று கேட்டுப் பார். ஆனால் கொள்கை எழுதத்தான் சொல்கிறது, போனை எடுக்காமல் விடும் உரிமையை அது தரவில்லை. எனக்குப் பிடித்தது ஜப்பான் 2019இல் செய்தது. பத்து நாளுக்குக் குறையாமல் லீவு உள்ளவர் ஐந்து நாளாவது எடுத்தே ஆகவேண்டும், எடுக்க வைப்பது முதலாளியின் பொறுப்பு. நம்மைப்போல் கேட்க வெட்கப்படும் ஆட்களுக்கு அப்படித்தான் வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு ஆவணியில் கலியாணம். அவளுக்குப் பத்து நாள் வேண்டும், அவளுடைய சிம் அப்போது என் மேசையில் இருக்கும், சொல்லிவிட்டேன். ஆகவே நீ வருவதென்றால் வைகாசியில் வா, பொங்கலுக்கு. காசில்லாத இரண்டு கிழமைக்கு இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கு. இங்கே வந்தால் உனக்கு ஒரு செலவும் இல்லை, மோட்டார் சைக்கிளும் என்னுடையது இருக்கிறது. சித்திரை பிறக்க முன் ஒரு வரி எழுதினால் நானும் அதே கிழமைக்குப் படிவம் கொடுத்துவிடுவேன். அம்மாவுக்கு இந்த முறை இரண்டு பக்கமும் கை பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்