கடல் தெரியும் அறை வேண்டாம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள கூட்டாளிக்கு,

உன் மகளுக்குக் கிழக்குக்கரையில், கோலத் திரங்கானுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அதுவும் கடல் உயிரியல்! பால்மரத்தையும் செம்பனையையும் விட்டால் வேறொன்றும் பார்க்காத குடும்பங்கள் நம்முடையவை. உன் அம்மா இருந்திருந்தால் மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை வைத்து, பேத்தி என்ன படிக்கப் போகிறாள் என்று கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பியிருப்பார்.

அவளுக்கு வாடகைக்குப் பார்த்திருக்கும் வீடு என்று நீ வாட்ஸாப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல், கீழே தென்னை, புதுச் சாயம். "விட்டால் போய்விடும், இப்போதே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். போனால் போகட்டும் என்பேன். முதல் வருடம் அவள் பல்கலைக்கழக விடுதியிலேயே இருக்கட்டும்.

என் பெரியவள் அங்கே மூன்றாம் வருடம் படிப்பதால் அந்த இடம் எனக்கும் பழகிவிட்டது. யூ.எம்.டி., அதாவது மலேசியா திரங்கானு பல்கலைக்கழகம், இருப்பது பட்டணத்துக்குள் இல்லை. ஆற்றைத் தாண்டி வடக்கே, கோல நெருஸ் மாவட்டத்தில், விமான நிலையத்துக்கும் அப்பால் இருக்கிறது. விடுதியிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். கடலைப் பார்க்க யாரும் தனியாக வாடகை கொடுக்கத் தேவையில்லை. அந்த ஊரில் கடல் இலவசம், தட்டுப்பாடு பஸ்ஸுக்குத்தான். மோட்டாரோ காரோ இல்லாத பிள்ளைக்கு வளாகத்துக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் என்பதே தூரம். பகலில் கிராப் வாடகைக் கார் கிடைக்கும். மழை கொட்டும் இரவில் கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும்.

மழை என்று சாதாரணமாகச் சொல்கிறேன். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை போகும். நம் ஊரில் சாயங்காலம் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துபோகிற மழை இல்லை அது. நாள் கணக்கில் விடாது. துணி காயாது, புத்தகம் பூஞ்சணம் பிடிக்கும். உப்புக் காற்றில் மோட்டார் சங்கிலி, கேட் கொக்கி, மின்விசிறி எல்லாம் துரு ஏறும். போதாததற்கு, விமான ஓடுபாதையைக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பிறகு டோக் ஜெம்பால் பக்கம் கடல் கரையை நன்றாக அரித்துவிட்டது. பாறைகளைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். ஏன் இப்படி ஆனது, மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதெல்லாம் உன் மகளுக்குப் பாடமாகவே வரலாம். பாடமாக இருக்கட்டும், படுக்கையறைக்கு வெளியே வேண்டாம்.

இன்னொரு விஷயம். இது நமக்கும் சேர்த்துச் சொல்வது.

நாம் இரண்டு பேரும் வீடு பார்த்துக் குடிபோய் வளர்ந்தவர்களா என்ன? வேலையோடு வீடு வந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி எந்த லயத்து வரிசை வீட்டைக் கைகாட்டினாரோ அதுதான் வீடு. வேலை போனால் வீடும் போச்சு. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற அந்தத் தோட்டத் துண்டாடல் நடந்தபோது கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன குடும்பங்களின் கதையைக் கேட்டே வளர்ந்தோம். அமைச்சராக இருந்த நம்ம ஊர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கக் கிளம்பியதே அதனால்தானே. அப்புறம் 1990-இல் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. முதலாளி குறைந்தபட்சம் என்ன வசதி தரவேண்டும் என்று அது சொன்னது. ஆனால் குடியிருக்கிறவன் எதைக் கேட்கலாம், எதில் கையெழுத்துப் போடலாம் என்று நம் வீடுகளில் யாருக்கும் பழக்கமில்லை. இன்றைக்கும் வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றால் நம்மவர்கள் "சரிங்க" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் நம்மோடு முடியவேண்டும் என்று நினைக்கிறேன். பிள்ளைகள் வாய் திறந்து கேட்கட்டும்.

அதனால் இரண்டாம் வருடத்தில் வெளியே வீடு எடுக்கும்போது எப்படி என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். கணக்கிலிருந்து ஆரம்பி. வழக்கமாக இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று கேட்பார்கள். வாடகை 900 வெள்ளி என்று வைத்துக்கொள், சாவியை வாங்கும் முன்னால் 3,150 வெள்ளி எடுத்துவைக்க வேண்டும். ஆறு பிள்ளைகள் பகிர்ந்தால் தலைக்கு 525. பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடன் செமஸ்டருக்கு ஒருமுறை மொத்தமாக வரும், வாடகையோ மாதாமாதம் போகும். பணம் வந்த வாரமே வாடகையைப் பிரித்து வைக்காவிட்டால் நான்காவது மாதம் உனக்குத்தான் போன் வரும்.

பெரிய விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போனாலும் வெளிவீட்டு வாடகை நிற்காது. விடுதியில் அந்தத் தொல்லை இல்லை. இதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

என் மகளின் கூட்டாளிகள் எடுத்த ஒரு வீட்டில் ஒப்பந்தம் ஒரே பெண்ணின் பெயரில் இருந்தது. நடுவில் இரண்டு பேர் விலகிப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கையும் அந்தப் பெண்தான் கட்டினாள். காலி செய்தபோது சுவரில் கறை, கதவு உடைசல் என்று சொல்லி முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கறை மழைநீர் இறங்கியது, பிள்ளைகள் போவதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதைக் காட்ட ஒரு படம்கூட எடுத்துவைத்திருக்கவில்லை. ஆகவே குடிபோகும் அன்றே ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிட வேண்டும். ஒப்பந்தத்தில் எல்லார் பெயரும் இருக்க வேண்டும். வருமான வரி வாரியத்தில் முத்திரை போட வேண்டும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்பதில்லை. நாம் நீதிமன்றம் போகப்போகிறோமா என்று கேட்பாய். போகமாட்டோம். ஆனால் முத்திரை போட்டால் எதிரே இருப்பவருக்கும் கொஞ்சம் பொறுப்பு வரும்.

வீட்டைப் பார்க்க வறண்ட மாதத்தில் போகாதே. போக வேண்டியிருந்தால் சுவரின் அடிப்பகுதியைக் கவனி. வெள்ளம் ஏறி இறங்கிய கோடு சாயத்துக்குக் கீழேயும் தெரியும். பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம், அந்த மலாய் அம்மாவிடம், பேச்சுக் கொடு. திரங்கானு மலாய் முதலில் பாதிதான் புரியும், பரவாயில்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்று கையால் காட்டிவிடுவார்.

விடுதியில் என்ன குறை என்றால் சமையல்தான். அறையில் சமைக்க விடமாட்டார்கள். வெளியே நாசி டாகாங், கெரோபோக் லேக்கோர் என்று எங்கு திரும்பினாலும் மீன். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது சொர்க்கம். உன் மகள் சைவம் என்றால் முதல் மாதம் திண்டாடுவாள். அப்புறம் வழி கண்டுபிடித்துவிடுவாள். நம் பிள்ளைகள் அங்கே குறைவு, கூட இருக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மலாய்ப் பிள்ளைகள். என் மகளுக்கு அதனால் ஒரு சங்கடமும் வரவில்லை. எந்த இறைச்சி வீட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது, சாமி படம் எங்கே வைப்பது என்று முதல் நாளே பேசிக்கொண்டார்கள். பேசாமல் முகம் பார்த்து நடந்திருந்தால்தான் வம்பு.

விடுதியில் இடம் முதல் வருடத்துக்குப் பிறகு எல்லாருக்கும் உறுதி இல்லை. பாடத்துக்கு வெளியே நடக்கும் நடவடிக்கைகளில் சேர்ந்து புள்ளி எடுத்தவர்களுக்கு முன்னுரிமை. உன் மகளிடம் இதைச் சொல்லிவை. ரெடாங் தீவில் சாகார் ஹுத்தாங் என்ற கடற்கரையில் யூ.எம்.டி. ஆமை ஆய்வு நடத்துகிறது. இரவு முழுக்க விழித்திருந்து முட்டையிட வரும் ஆமைகளைக் கணக்கெடுக்கத் தொண்டர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். என்னுடையவள் போய்விட்டு வந்து ஒரு மாதம் வேறு பேச்சே பேசவில்லை.

நீ போய்ப் பார்க்க நினைத்தால் வியாழன் இரவே கிள்ளானிலிருந்து கிளம்பு. அங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வகுப்பு இருக்கும், நீ வாசலில் நிற்பாய். தைப்பூசத்துக்கும் திரங்கானுவில் விடுமுறை கிடையாது, அதையும் இப்போதே மனைவியிடம் சொல்லிவிடு, பிறகு அழவேண்டாம். உனக்குக் கிழக்குக்கரை நெடுஞ்சாலை சுகமாக இருக்கும். எனக்குக் கிரிக்கிலிருந்து ஜெலி போகிற மலைப்பாதைதான். யானை குறுக்கே வரும் என்று பலகை வைத்திருக்கிறார்கள், சாணம் சூடாகவே கிடக்கும். இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று மனைவி வழி முழுக்கப் படபடப்பாள்.

ஊர்ச் செய்தி பெரிதாக ஒன்றும் இல்லை. நாம் இருந்த லயத்தில் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்வாசலில் கீரை போட்டிருக்கிறார்கள், நன்றாக வந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கூரை போட்டாகிவிட்டது, ஆனால் முதலாம் ஆண்டில் பிள்ளைகள் குறைவு. என் முழங்கால் பழையபடிதான். மோட்டாரில் உட்கார முடிகிறது, இறங்குவதுதான் கஷ்டம்.

அந்த வீட்டுக்காரருக்கு இன்னும் பணம் அனுப்பவில்லையே? அனுப்பாதே. விடுதிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் எப்போது என்று மகளைப் பார்க்கச் சொல். சனிக்கிழமை இரவு நான் வீட்டில்தான் இருப்பேன், கூப்பிடு. என் பெரியவளும் அன்றைக்குச் சும்மாதான் இருப்பாள், இரண்டு பிள்ளைகளையும் நேரடியாகப் பேசவைத்துவிடுவோம். மனைவி மசாலாத்தூள் அரைத்து இரண்டு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். ஒன்று உன் மகளுக்கு.

உன்,
பழைய கூட்டாளி