சந்திப்பில் நீ நிற்கும் இடம்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

நாங்கள் இருவரும் நலம். புதிதாக வாங்கிய பைக்கில் வேளச்சேரியிலிருந்து தரமணி வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்கு வந்து, சோழிங்கநல்லூர் சந்திப்பைத் தாண்டி அலுவலகம் போவதாகச் சொன்னாய். அம்மா உன் வேகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள். எனக்கோ அந்த வழியில் உள்ள சந்திப்புகளைப் பற்றித்தான் கவலை. காலை ஒன்பது மணிக்கு அந்தச் சாலையில் யாராலும் வேகமாகப் போக முடியாது. ஆனால் நகர்ந்து நகர்ந்து போகும் அந்த நெரிசலில்தான், சிக்னல் மாறும் நேரத்திலும் பெரிய வண்டிகள் திரும்பும் நேரத்திலும், இருசக்கர வண்டியில் வருபவர்கள் சக்கரத்துக்குள் சிக்குகிறார்கள். பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே என் உத்தியோகக் காலம் கழிந்தது. அங்கிருந்து பார்க்கும்போது நீ எங்கே இருந்தால் கண்ணில் படுவாய், எங்கே இருந்தால் படமாட்டாய் என்பதைத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லாமல், உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

பேருந்து இடப்பக்கம் திரும்புவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் அதிகம் பயந்தது அதற்குத்தான். நகரத்தில் ஓடும் நீளமான பேருந்து ஏறக்குறைய 12 மீட்டர் இருக்கும். அதன் முன்சக்கரம் போகும் தடத்திலேயே பின்சக்கரம் போகாது. வண்டி திரும்பும்போது பின்சக்கரம் சந்திப்பின் மூலையை ஒட்டி உள்வாங்கிக்கொண்டே வரும். வண்டி எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு உள்வாங்குவதும் அதிகம். மூலையில் இருக்கும் நடைபாதையிலோ கம்பத்திலோ பின்பகுதி உரசிவிடக் கூடாது என்பதற்காக ஓட்டுநர் முதலில் வண்டியைச் சற்று வலப்பக்கம் ஒதுக்கி, பிறகுதான் இடப்பக்கம் வளைப்பார். அந்தச் சில நொடிகளில் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே ஒரு நல்ல அகலமான இடம் திறக்கும். பின்னால் பைக்கில் நிற்பவருக்கு அது தனக்காகவே விட்ட வழி போலத் தோன்றும். அவர் உள்ளே நுழைகிறார், ஓட்டுநர் வளைக்கிறார், திறந்த இடம் முன்னாலிருந்து பின்னால் வரை மூடிக்கொண்டே வருகிறது. முன்பகுதி கடந்துவிட்டதே என்று அவர் நிம்மதி அடையும் நேரத்தில் பின்சக்கரம் வந்து சேர்கிறது. இதில் வேகமே தேவையில்லை. நடக்கும் வேகத்தில் போகும் வண்டிக்கும் இதே கதிதான்.

அந்த நேரத்தில் ஓட்டுநர் எங்கே பார்த்துக்கொண்டிருப்பார் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். எதிரே வலப்பக்கம் திரும்பி வரும் கார், சாலையைக் கடக்கும் பாதசாரிகள், வலப்பக்க மூலையில் இடிக்காமல் இருக்கிறதா என்ற கணக்கு, இத்தனையும் முடிந்த பிறகுதான் இடப்பக்கக் கண்ணாடிக்குக் கண் போகும். அந்தக் கண்ணாடியும் வண்டி வளையத் தொடங்கிய பிறகு வண்டியின் பக்கவாட்டைத்தான் காட்டும். மூலையில் நுழைந்த பைக்கைக் காட்டாது. பேருந்தில் நடத்துநர் குரல் கொடுப்பதற்காவது வாய்ப்பு உண்டு. லாரியில் கிளீனர் இல்லாத நாளில் அதுவும் இல்லை.

ஆகவே, முன்னே நிற்கும் பேருந்தோ லாரியோ இடப்பக்கம் திரும்பக்கூடும் என்று தோன்றினாலே, அதன் இடப்பக்கத்துக்குப் போகாதே. இண்டிகேட்டர் போடவில்லையே என்று நினைக்காதே. விளக்கு உடைந்த வண்டிகளும், போட மறந்த ஓட்டுநர்களும் எல்லா ஊரிலும் உண்டு. சந்திப்புக்கு முன்னால் அவ்வளவு பெரிய வண்டி காரணமில்லாமல் வலப்பக்கம் ஒதுங்கினால், அதையே இண்டிகேட்டராக எடுத்துக்கொள். பின்னால் நின்றுகொள், அதுவும் ஒட்டிக்கொண்டு நிற்காமல், அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உனக்குத் தெரியும் அளவு தள்ளி நில். அவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அந்தக் கண்ணாடியில் உன்னை அவர் பார்க்க வழியே இல்லை.

இடைவெளிகளில் நுழைந்து நுழைந்து முன்னே போய், நிறுத்தக் கோட்டையும் தாண்டி, பெரிய வண்டியின் மூக்குக்குக் கீழே நிற்கும் பழக்கம் உங்கள் சாலையில் எல்லோருக்கும் இருக்கிறது. முதலில் கிளம்பிவிடலாம் என்பது கணக்கு. உயரமான இருக்கையில் இருக்கும் ஓட்டுநருக்குத் தன் வண்டியின் முன்பக்கத்தை ஒட்டிய தரை தெரியாது. அங்கே நிற்பவர் குட்டையானவராகவோ, ஸ்கூட்டரில் குனிந்து கைப்பேசியைப் பார்ப்பவராகவோ இருந்தால் தலைகூடத் தெரியாமல் போகலாம். பச்சை விழுந்ததும் உன் வண்டி அணைந்துவிட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை யோசித்துப் பார். பெரிய வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டி வந்தால், திரும்பிப் பார்த்து ஓட்டுநரின் கண்ணைச் சந்தித்த பிறகு நில். சந்திக்க முடியவில்லை என்றால் ஒரு கார் வரிசை தள்ளிப் போய் நின்றுகொள்.

பழைய மாமல்லபுரம் சாலையில் தண்ணீர் லாரிகள் அதிகம் என்பதால் அதைத் தனியாகச் சொல்கிறேன். தொட்டி பாதி நிறைந்த லாரி பிரேக் போடும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் முன்னால் பாய்ந்து வண்டியைத் தள்ளும். நின்றுவிட்டது என்று நீ நினைத்த வண்டி இன்னும் கொஞ்சம் உருளும். அதற்கு முன்னால் சட்டென்று நுழைந்து பிரேக் போடுவது போன்ற அறிவற்ற செயல் வேறில்லை. தொட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீர் சந்திப்பில் சாலையை நனைத்து வைத்திருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்.

அடுத்தது, எதிரே வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டி. நீ நேராகப் போகிறாய், வழியுரிமை உன்னுடையது. ஆனாலும் அவர் உன் குறுக்கே வளைப்பார், பிறகு "பார்க்கவே இல்லை" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த நூற்றுக்கணக்கான மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கை, இன்னொரு வாகனத்துடன் மோதிய விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் அந்த வாகனத்தின் ஓட்டுநர்தான் வழியுரிமையை மீறியவர் என்று கண்டது. சாலைச் சந்திப்புகளே அத்தகைய மோதல்கள் அதிகம் நிகழும் இடம் என்றும் அது சொன்னது. எதிரிலிருந்து பார்ப்பவருக்கு பைக் மெலிந்த உருவம்; இன்னும் தொலைவில் இருப்பது போலவும் மெதுவாக வருவது போலவும் தோன்றும். காரின் தூணும் பக்கக் கண்ணாடியும் சேர்ந்து ஒரு முழு பைக்கை மறைத்துவிட முடியும்.

இதற்கு நீ செய்யக்கூடியது, சந்திப்பை நெருங்கும்போதே ஆக்சிலரேட்டரை விட்டு, விரல்களைப் பிரேக்கில் வைத்துக்கொள்வதுதான். ஓட்டுநரின் முகத்தை நம்பாதே, அவர் உன் பக்கம் பார்த்துக்கொண்டே உன்னைக் காணாமல் இருக்கலாம். வண்டியின் முன்சக்கரத்தைப் பார். வண்டி நகரப் போகிறதென்றால் முதலில் சக்கரம்தான் காட்டிக்கொடுக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறாய். ஆபத்தை உணர ஒரு நொடி, பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம், எல்லாம் சேர்த்தால் காய்ந்த சாலையிலேயே 20 மீட்டருக்கு மேல் ஆகும். 60-இல் வந்தால் அதுவே ஏறக்குறைய 40 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. உன் வண்டியில் ஏபிஎஸ் இருப்பதால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது, நல்லதுதான். ஆனால் நீ யோசிக்கும் அந்த ஒரு நொடியை அது குறைக்காது.

பச்சை விழுந்ததும் எல்லோரும் பாய்வார்கள். எண் இறங்கிக் காட்டும் சிக்னல்களில், மூன்று இருக்கும்போதே கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். குறுக்குச் சாலையில் கடைசி இரண்டு நொடியில் தாண்டிவிடலாம் என்று முடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த இரு கூட்டமும் சந்திக்கும் இடத்தில் நீ இருக்க வேண்டாம். பச்சை வந்த பிறகு வலப்பக்கம் பார், ஏனென்றால் அந்தப் பக்கத்து வண்டிதான் முதலில் உன்னை வந்தடையும். பிறகு இடப்பக்கம் பார். மறுபடி வலப்பக்கம் பார்த்துவிட்டு நகரு. பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். மஞ்சள் விளக்கு விழுந்தால் நிற்கப் பழகு; ஆனால் உன்னை ஒட்டிக்கொண்டு வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்க்காமல் திடீரென்று பிரேக் போட்டுவிடாதே. வரிசையில் கடைசியாகப் போய் நிற்கும்போது முன்னால் இருக்கும் காருக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி, முதல் கியரிலேயே வைத்து, பின்னால் ஒரு வண்டி வந்து முழுமையாக நிற்கும் வரை கண்ணாடியில் பார்த்துக்கொண்டிரு. பிரேக் விளக்கு இரண்டு முறை எரிந்து அணையட்டும். பின்னாலிருந்து வருபவர் நிற்க மாட்டார் என்று தெரிந்தால் நகர்ந்துகொள்ள உனக்கு இடம் இருக்க வேண்டும்.

வலப்பக்கம் திரும்ப வேண்டிய நாளில், சிக்னலுக்கு வெகு முன்பே அந்தப் பக்கம் வந்துவிடு. கடைசி நேரத்தில் மூன்று வரிசைகளைக் குறுக்கே வெட்டிப் போகும் நிலை வந்தால், போகாதே. நேராகப் போய் அடுத்த திருப்பத்தில் திரும்பி வா. உன் சாலையில் அதற்கு வசதி இருக்கிறது, ஐந்து நிமிடம்தான் கூடுதலாக ஆகும். சந்திப்பைத் தாண்டியவுடன் ஷேர் ஆட்டோக்கள் ஆள் ஏற்ற நின்றுவிடும் என்பதை நீயே பார்த்திருப்பாய்.

மழைக்காலம் வருகிறது. சிக்னலில் பேருந்துகளும் லாரிகளும் நின்று நின்று, பாதையின் நடுவில் எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். ஐப்பசியின் முதல் மழையில் அது மேலே மிதந்து வரும். அந்த நாளில் நடுவை விட்டுக் கார்ச் சக்கரம் போகும் தடத்தில் வா. வரிக்கோடுகளின் வண்ணப்பூச்சு, பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு ஆகியவற்றின் மேல் வண்டியைச் சாய்க்கவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். மெட்ரோ வேலைக்கு வைத்த தகரத் தடுப்புகள் மூலையை முழுக்க மறைத்திருக்கும் இடங்களில், மறுபக்கம் இருப்பவருக்கும் நீ தெரியமாட்டாய் என்று எண்ணி நடந்துகொள்.

ஹெல்மெட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதைத்தான் வாங்கினாய். கழுத்துப் பட்டையைக் கட்டாமல் போட்டால் நீ விழும்போது முதலில் அதுதான் கழன்று போகும் என்பதை மட்டும் நினைவில் வை. பின்னால் தோழியை ஏற்றினால் அவளுக்கும் ஒன்று வேண்டும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள் என்றும் மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்த எண்ணைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, தேனு.

இன்னொரு காரியம். தாம்பரத்தில் கல்லூரிப் பேருந்து ஓட்டும் உன் முருகன் மாமாவிடம் பேசியிருக்கிறேன். வருகிற ஞாயிறு காலை அவருடைய வண்டி கல்லூரி வளாகத்தில் சும்மாதான் நிற்கும். உன் பைக்கை எடுத்துக்கொண்டு போ. அவர் உன்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, உன் பைக்கை அந்தப் பேருந்தைச் சுற்றி ஒவ்வோர் இடமாக நிறுத்திக் காட்டுவார். எந்தெந்த இடத்தில் உனக்கு அது தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு, எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா