மூன்று மில்லிமீட்டர்

அண்ணே,

நாளைக்கு அப்பாவின் வருஷத் திதி. அதற்குள் சரிசெய்து முடிக்க நினைத்த அவருடைய அரிவாள் நேற்று ராத்திரி முடிந்தது.

துரு எடுப்பது சுலபம். வளைவுக்கு ஏற்ற பாத்திரம் கிடைக்கவில்லை. பிடியைக் கழற்றி, வேட்டித் துணியை வினிகரில் நனைத்துச் சுற்றி, மேலே பாலிதீன் கட்டி 6 மணி நேரம் வைத்தேன். ரொம்ப விட்டால் நல்ல இரும்பையும் தின்றுவிடும். அப்புறம் கம்பி நாரால் தேய்த்து, லிட்டருக்கு 2 ஸ்பூன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, அந்த நிமிஷமே துடைத்து எண்ணெய் போட வேண்டும். ஈரத்தோடு வைத்தால் கண்ணெதிரே மறுபடி துரு பூக்கும்.

நிஜமான வேலை மூக்கில்தான். அன்றைக்குக் கிரைண்டிங் மிஷினில் நீங்கள் வைத்து அழுத்த, மூக்கிலிருந்து நாலு விரக்கடைக்கு நீலம் ஓடியது. மயில் கழுத்து மாதிரி இருக்குடா என்றீர்கள். வாளித் தண்ணீரில் அமுக்கினீர்கள். திண்ணையிலிருந்து பார்த்த அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நீலம் வந்தால் முனை கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, தோய்ச்சல், அதாவது இரும்பின் கடினம், இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தண்ணீரில் போட்டு என்ன பயன்? உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தால்தான் திரும்பும்.

சுவிட்சைப் போட்டது நான்தான். மன்னித்துவிடுங்கள். ஆனால் ‘போடுடா’ என்றது யார்? அந்த வயசில் உங்கள் சொல்லை நான் எப்போது தட்டியிருக்கிறேன்?

நாலு பேர் படிக்கிற இடம், மதினியும் படிப்பார்கள். தோட்டத்துப் பேச்சை இங்கே எடுக்கவில்லை.

நீலம் துருவோடு போய்விட்டது, மெத்துப்போன இரும்பு போகவில்லை. அரம்தான் காட்டிக்கொடுத்தது. வயிற்றுப் பக்கம் கரகரவென்று எதிர்த்த அரம், மூக்குக்கு வந்ததும் வழுக்கைத் தேங்காயில் ஸ்பூன் போல இறங்கியது. அரைவட்ட அரத்தை முன்னோக்கி மட்டும் தள்ளினேன். திரும்பும்போது அழுத்தினால் அரத்தின் பல்தான் மழுங்கும். 3 மில்லிமீட்டர் போன பிறகே பழைய சத்தம் வந்தது. அப்பாவின் அரிவாளில் 3 மில்லிமீட்டர், அண்ணே.

உள்வளைவில் தட்டைக் கல் உட்காராது. வைஸ் என்கிற இறுக்குப்பிடியில் இறுக்கி, முக்கால் இஞ்ச் குழாயில் 220, 400, 800 என்று சொரசொரப்பிலிருந்து நைஸாக வாட்டர் பேப்பர் சுற்றித் தேய்த்தேன், பக்கத்துக்கு 20 டிகிரி. காய்க்கத்தி மாதிரி ஒல்லியாகச் சீவினால் கருவேலங்கட்டையில் முதல் வெட்டிலேயே பல் விழும். எதிர்ப்பக்கம் பிசிறு விரலில் தட்டும்வரை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அதே குழாயில் பழைய பெல்ட்டைச் சுற்றிப் பிசிறை எடுத்தேன்.

பிடியை மாற்றவில்லை. அதில் உங்கள் கட்டைவிரலும் அப்பா விரலும் ஒரே பள்ளத்தில் உட்காரும், எனக்கு உட்காராது. வாய்க்கு ஈரத்துணி சுற்றி, பிடிக்குள் போகிற வாலை மட்டும் காய்ச்சி, அரக்கு ஊற்றி இறக்கினேன்.

அரிவாள் உங்களுக்குத்தான். கிரைண்டிங் மிஷினை விற்றுவிட்டேன். பங்கு கேட்காதீர்கள், அரமும் வைஸும் அந்தக் காசில் வாங்கியவை.