இரட்டைக்குழல் மட்டும்தானா ஆப்பிரிக்க வேட்டை?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய பாணி ஆப்பிரிக்க வேட்டைப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1920களின் கித்தான் கூடாரம், காக்கி உடை, தாத்தா காலத்து ரைபிள் என்று இன்றைக்கும் பணம் கட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கும். வேட்டை சரியா தவறா என்பதற்கு வேறு கடிதம் வேண்டும், அதற்குள் நான் போகவில்லை. ஆனால் எந்த ரைபிளைத் தேர்ந்தெடுப்பது என்ற இடம் வந்ததும் கட்டுரையாளர் ஆங்கிலேய இரட்டைக்குழல் ரைபிளின் செதுக்கு வேலையிலேயே சொக்கிப்போய் நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த மாதிரி ஒரு எண்ணம் வருகிறது. அது உண்மையில்லை.

முதலில், ஒரே ஒரு துப்பாக்கியோடு யாரும் போகவில்லை. மான்களுக்கு இலகுவான ஒன்று, நடுத்தரமாக ஒன்று, யானை, எருமை, காண்டாமிருகத்துக்குக் கனமான ஒன்று என்று மூன்று இருக்கும். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மொம்பாசாவில் இறங்கியபோது வைத்திருந்ததைப் பாருங்களேன்: .30 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்) ஸ்பிரிங்ஃபீல்ட், .405 வின்செஸ்டர், அப்புறம் இங்கிலாந்து நண்பர்கள் சேர்ந்து பரிசளித்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .500/.450 இரட்டைக்குழல். உங்கள் கட்டுரையில் கடைசியாகச் சொன்னதன் படம் மட்டும் முழுப்பக்கத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் சிங்கத்துக்கு அவர் பெரிதும் நம்பியது அந்த அமெரிக்க வின்செஸ்டரைத்தான். அது கடையில் வாங்கக்கூடிய சாதாரண லீவர் ரைபிள் (விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை அசைத்துத் தோட்டா ஏற்றுவது), வெள்ளி வேலைப்பாடு எதுவும் கிடையாது.

அடுத்தது ஒரு பிழை. .450 ரைபிளை இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கடைசிவரை ஒன்றுபோலப் பயன்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறார். 1898இல் ரிக்பி என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக் கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா சில வருடங்கள் அப்படித்தான் இருந்தது, சரி. ஆனால் 1907இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாக்களைத் தடை செய்துவிட்டது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் நிறையப் பேர் கையில் இருந்தன, அவையும் அதே காலிபர், கலகக்காரர்களுக்குக் குண்டு கிடைத்துவிடும் என்ற பயம்தான் காரணம். துப்பாக்கிக் கம்பெனிகளுக்கு இந்தியச் சந்தையை விட மனமில்லை. .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் தள்ளிய அளவுகள் சந்தையைப் பிடித்தது அதனால்தான். இன்று ஆப்பிரிக்க வேட்டையின் அடையாளமாகக் கொண்டாடப்படும் .470க்குப் பின்னால் இருப்பது இந்தியக் கலகத்தைப் பற்றிய அரசாங்கப் பயம் என்பதைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்று சொல்லாமல் விடலாமா?

வெயிலைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அன்றைய வெடிமருந்தான கார்டைட் சூட்டுக்கு ஏற்ப அழுத்தம் மாறக்கூடியது. இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக வெடித்த தோட்டா ஆப்பிரிக்க வெயிலில் காய்ந்த பிறகு அழுத்தம் எகிறி, காலித் தோட்டா குழலுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். எதிரே எருமை நிற்கும்போது அதைப் பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது, அதிலும் இரட்டைக்குழலில் போல்ட் ரைபிள் (கைப்பிடியுள்ள தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவது) போல நெம்பி வெளியே இழுக்கும் வலு குறைவு. அதனால்தான் தோட்டாக் கூட்டைத் தேவைக்கு மேல் பெரிதாகச் செய்து அழுத்தத்தைக் குறைத்து வைத்தார்கள். 1911இல் வந்த .416 ரிக்பியின் தோட்டா அவ்வளவு பருமனாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

இரட்டைக்குழல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு குழல், இரண்டு விசை, ஒன்று பழுதானாலும் இன்னொன்று வெடிக்கும், இரண்டாவது குண்டுக்கு நொடிகூட ஆகாது. அடர்ந்த புதருக்குள் பத்து அடியில் யானை திரும்பினால் அதைவிட நல்லது இல்லை. ஆனால் .470 என்றால் ஏறக்குறைய ஐந்து கிலோ, .600 என்றால் ஏழு கிலோவுக்கு மேல். நாள் முழுக்க அதைச் சுமந்தது வேட்டைக்காரர் இல்லை, பின்னால் வந்த ஆப்பிரிக்கர். அதோடு, இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்றே இணைக்கப்பட்டவை. ஏலத்தில் ஆசைப்பட்டு ஒரு பழையதை எடுத்து இன்றைய தோட்டாவைப் போட்டால் வலது குண்டு ஒரு பக்கம், இடது குண்டு இன்னொரு பக்கம் போக வாய்ப்பு உண்டு. வாங்கச் சொல்கிற கட்டுரை இதைச் சொல்ல வேண்டாமா?

உழைத்த ரைபிள் என்றால் அது ஜெர்மனியின் மௌசர் அமைப்பில் செய்த, பல தோட்டாக்களை அடியில் அடுக்கி வைக்கும் மேகசின் ரைபிள்தான், அதுவும் ஒரு போல்ட் ரைபிள். மேகசினிலிருந்து மேலே வந்ததுமே தோட்டாவின் அடியைக் கவ்விக்கொள்ளும் அந்தப் பெரிய கொக்கி இருக்கிறதே, பதற்றத்தில் போல்ட்டைப் பாதி தள்ளி நிறுத்தினாலும் தோட்டா அதன் பிடியிலேயே இருக்கும், இன்னொன்று ஏறிச் சிக்கிக்கொள்ளாது. கென்யாவின் தொழில்முறை வேட்டைக்காரர் ஹாரி செல்பியின் கதை தெரிந்ததுதான். அவருடைய ரிக்பி இரட்டைக்குழல் மீது வண்டி ஏறி நசுங்கிப்போக, நைரோபியில் கிடைத்த ஒரு .416 ரிக்பியை வாங்கினார், பிறகு அதுதான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பக்கம், யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல்லைக் காட்டிச் சிறிய தோட்டாவே போதும் என்றும் கட்டுரையில் ஒரு பத்தி வருகிறது. பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர், அதில் பெரும்பகுதி .275 ரிக்பியால், அதாவது 7 மில்லிமீட்டர் மௌசரால், பதினோரு கிராம் குண்டில். ஆனால் யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்தில் சுட்டால் எட்டும் என்று படித்தவர் அவர். விடுமுறைக்கு வந்த ஆள் அதைச் செய்தால் காயம்பட்ட யானைதான் மிஞ்சும். இப்போது பல நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375க்குக் குறைந்த ரைபிளைச் சட்டமே அனுமதிப்பதில்லை.

என்னைக் கேட்டால், பழைய பாணிதான் வேண்டும் என்கிறவருக்கு 1912இல் வந்த ஹாலண்டின் .375 மேக்னம், மௌசர் அமைப்பில், இரண்டாம் உலகப் போருக்கு முன் செய்த ஒன்று. எருமைக்கும் போதும், மானுக்கும் அதிகமில்லை, எடை வேறான குண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் படும், தோட்டா எங்கேயும் கிடைக்கும். கூடவே ஒரு .275. பணம் கொழுத்தவர் .470ஐயும் சேர்த்துக்கொள்ளட்டும், யார் தடுத்தது? ஆனால் கட்டுரையின் வரைபடத்தைப் பார்த்து நைரோபியில் வேட்டையைத் தொடங்கிவிட வேண்டாம், கென்யாவில் 1977லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். துப்பாக்கி சுமந்தவர்கள், தடம் பார்த்தவர்கள், சரியான நொடியில் சரியான ரைபிளைக் கையில் கொடுத்தவர்கள், இவர்களில் பலர் கென்யாவின் கம்பா இனத்தவர். உங்கள் கட்டுரையில் அவர்களுக்குக் கிடைத்தது ஒரு படத்தின் அடியில் ‘உதவியாளர்’ என்ற ஒரே ஒரு சொல். தொடரின் அடுத்த பகுதியை அவர்களைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி