செயலாளர் ஆண்டறிக்கை: பச்சை ஏறாத கிளியும் பிறவும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களுக்கு இரவு பகல் பாராமல் கணினியில் படம் வரைந்து தரும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில், "வகுப்பு நடத்துவோம் என்று ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறீர்கள், நடத்தியதாகத் தெரியவில்லை" என்று ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரலுக்குரியவர் இன்று வரவில்லை. இருந்தாலும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு நடத்தினோம். எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றே ஒன்று: வெக்டர் மென்பொருளில், அதாவது கோடுகளையும் வளைவுகளையும் கொண்டு படம் வரையும் மென்பொருளில், வடிவத்துக்குள் வண்ணம் நிரப்புவது. இதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்று செயற்குழுவிலேயே சிரித்தார்கள். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

கூட்டங்கள் வழக்கம்போல இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தபின் நம்மில் யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதில்லை. ஆகவே ஆவணி முதல் மார்கழி வரை கூட்டம் இல்லை. இதைக் குறையாகக் குறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்புக்கு வித்திட்டது ஒரு கிளி. இளம் உறுப்பினர் ஒருவர் தீப்பெட்டி லேபிளுக்காகக் கோரல்டிரா என்ற வெக்டர் மென்பொருளில் கிளி ஒன்றை வரைந்திருந்தார். இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசியில், "அண்ணாச்சி, மூக்குக்குச் சிவப்பு ஏறுகிறது, உடம்புக்குப் பச்சை ஏற மாட்டேன் என்கிறது" என்றார். போய்ப் பார்த்தபோது, ஏறாத பச்சைக்குப் பதிலாக அடியில் கண்ணளவாக இன்னொரு பச்சை உருவத்தை வெட்டி ஒட்டியிருந்தார். கழுத்தருகே அது பிதுங்கிக்கொண்டிருந்தது. நிறமில்லாமல் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேம் பார்வைக்கு மாற்றி, வாலின் நுனியைப் பெரிதாக்கிக்கொண்டே போனோம். ஒரே நோட் (கோட்டின் வடிவத்தைத் தாங்கும் புள்ளி) என்று நினைத்த இடத்தில் இரண்டு நோட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. கோடு தொட்டிருந்தது, ஆனால் சேரவில்லை. இரண்டையும் தேர்ந்தெடுத்து இணைத்தவுடன் கிளி பச்சையாகிவிட்டது. ஒரு நொடி வேலை. அதற்காக அவர் இரண்டு மணி நேரம் போராடியிருக்கிறார்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கோரல்டிரா இயல்பாக மூடாத கோட்டுக்கு நிறம் ஏற்றாது. திறந்த கோட்டையும் நிரப்பு என்று அமைப்புகளில் சொன்னால்தான் ஏற்றும். இல்லஸ்ட்ரேட்டர், இன்க்ஸ்கேப் என்ற மற்ற இரு வெக்டர் மென்பொருள்களும் அப்படியல்ல. திறந்திருக்கும் இரு முனைகளுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நேர்க்கோடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு நிரப்பிவிடும். நிறம் ஏறிவிட்டதே என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஓட்டை அப்படியே கிடக்கும். என்னைக் கேட்டால், ஏற மறுக்கும் மென்பொருளே நல்ல வாத்தியார். தவறு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது வகுப்புக்கு என் சொந்தத் தவறையே பாடமாக வைத்தேன். நகைக்கடைக் காலண்டருக்காகக் கடையின் பெயரை வளைகோடாக மாற்றி, ஓர் எழுத்தை மட்டும் நகர்த்துவதற்காகக் கண்ட்ரோல் கே போட்டுப் பிரித்தேன். பிரித்தால் எழுத்துகள் மட்டுமா பிரியும்? ஒவ்வோர் எழுத்தின் உள்வட்டமும் தனி உருவமாகிவிடும். வெளிக்கோட்டின் நிறமே உள்வட்டத்துக்கும் வந்துவிடும். 'க'வின் வயிறு அடைந்தது, 'ண'வின் சுழிகள் அடைந்தன. சிறிய எழுத்து என்பதால் திரையில் கண்ணில் படவில்லை. அச்சுத் தகடான பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றி, முதல் தாள் வந்தபோதுதான் தெரிந்தது. பிளேட் செலவு என் கையிலிருந்து போனது. திரும்பக் கண்ட்ரோல் எல் போட்டு, வெளிக்கோட்டையும் உள்வட்டத்தையும் இணைத்தாலே ஓட்டை மீண்டிருக்கும்.

இணைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிநிற்கும் இரு உருவங்களை இணைத்தால் அவை மேற்படியும் இடம் வெள்ளையாகிவிடும். பழைய எழுத்துருக்களில் 'பி', 'ணி' போன்றவற்றின் கொக்கி எழுத்தின்மேல் சற்று ஏறியே நிற்கும். முழுச் சொல்லையும் இணைத்துவிட்டு, தொடும் இடத்தில் மட்டும் எலி கடித்ததுபோல் வெள்ளைப் புள்ளி ஏன் என்று கேட்டவர்கள் நம்மில் பலர். அங்கே செய்ய வேண்டியது இணைப்பதல்ல, ஒட்டவைப்பது. அதற்கு வெல்டு என்ற தனிக் கட்டளை உண்டு.

அப்படியானால் வடிவத்தின் உள்ளே எது, வெளியே எது என்பதைக் கணினி எப்படித் தீர்மானிக்கிறது? மூன்றாவது வகுப்பு இதற்காகவே. சொல்லப்போனால், ஆண்டு முழுவதும் நடந்தவற்றில் நான் மறக்காதது இதுதான். கரும்பலகையில் நான்கு புள்ளிகள் வைத்தோம். மூலைவிட்டமாக இரண்டு நீள்வட்டங்கள், பெருக்கல் குறிபோல ஒன்றை ஒன்று வெட்டிச் செல்ல, நுனிக்கு ஒரு புள்ளி. நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தின் மிகச் சிறிய வடிவம் அது. இதை ஒரே உருவமாக இணைத்து வண்ணம் கொடுத்தால் நடுக்கட்டம் நிரம்புமா, காலியாக இருக்குமா என்று கேட்டேன். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

இரு தரப்பும் சரியே, ஏனென்றால் விதிகள் இரண்டு. முதல் விதி ஒற்றை இரட்டை பார்க்கும். ஓர் இடத்திலிருந்து வெளியே நேராக ஒரு கோடு இழுத்து, அது எத்தனை முறை எல்லையைக் கடக்கிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. நடுக்கட்டத்திலிருந்து கிளம்பினால் இரண்டு எல்லைகள், ஆகவே காலி. இரண்டாவது விதி திசை பார்க்கும். நாம் இழுத்த கோட்டை எல்லை ஒரு பக்கமாகக் கடந்தால் ஒன்று கூட்டு, எதிர்ப்பக்கமாகக் கடந்தால் ஒன்று கழி; மிச்சம் பூஜ்யம் வந்தால் வெளியே, வராவிட்டால் உள்ளே. இரு நீள்வட்டங்களையும் ஒரே திசையில் வரைந்திருந்தால் நடுக்கட்டம் நிரம்பும். ஒன்றை வலஞ்சுழியாகவும் மற்றதை இடஞ்சுழியாகவும் வரைந்திருந்தால் காலியாகும். அச்சுப் பக்கத்தை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியிலேயே இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. இன்க்ஸ்கேப்பில் நிரப்புப் பலகையின் மேல்பக்கம் இரண்டு சிறிய பொத்தான்கள் இருக்கின்றன. பல ஆண்டுகளாக அவற்றை அலங்காரம் என்று நினைத்திருந்ததாக மூத்த உறுப்பினர் ஒருவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு ஓர் உறுப்பினரின் மனைவி, தேநீர் கொண்டுவந்தவர், இன்னும் பெரிய நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றைப் பலகையில் போட்டுக் காட்டினார். ஒற்றை இரட்டை விதியில் அதை நிரப்பிப் பார்த்தோம். புள்ளி இருக்கும் வீடுகள் மட்டும் நிறைந்தன. புள்ளியில்லாத இடைவெளிகள் அத்தனையும் வெள்ளை. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் வெட்டிக்கொள்வதால் அப்படித்தான் வரும். பொங்கல் வாழ்த்து அட்டைக்கு ஒவ்வொரு வீடாக நிறம் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அன்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோடுகளுக்கு நடுவே சொடுக்கினால் நிறம் ஊற்றும் வாளிக் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. கையால் வரைந்த படத்தில் கோடுகள் தனித்தனியாகக் கிடக்கும்போது, அவற்றுக்கு இடைப்பட்ட கட்டத்தை நிரப்ப இல்லஸ்ட்ரேட்டரில் லைவ் பெயின்ட் 2005 முதல் இருக்கிறது. கோரல்டிராவில் ஸ்மார்ட் ஃபில் 2006-இல் வந்தது. இன்க்ஸ்கேப்பின் வாளி வேறு மாதிரி வேலை செய்கிறது. அது கோடுகளைப் பார்ப்பதில்லை, திரையில் தெரியும் படத்தைப் பார்க்கிறது. தெரிவதை நிரப்பி, அதன் விளிம்பைப் பிடித்துப் புதிய உருவம் ஒன்றைச் செய்து தருகிறது. ஆகவே பெரிதாக்கிக்கொண்டு நிரப்பினால் விளிம்பு சுத்தமாக வரும். சிறிதாக வைத்து நிரப்பினால் கரடுமுரடாக வரும். சிறு ஓட்டைகளை அடைத்துக்கொள்ளச் சொல்லவும், நிறத்தைக் கோட்டுக்கு அடியில் சற்றுப் பரவவிடவும் அதிலேயே வசதி உண்டு. இரண்டாவதை மறந்தால் கோட்டை ஒட்டி வெள்ளை இழை நிற்கும்.

வெள்ளை இழை என்றதும் நினைவுக்கு வருகிறது. பார்ட்டிகள், அதாவது வேலை கொடுப்பவர்கள், கைப்பேசியில் பி.டி.எஃப். பார்த்துவிட்டு, இரு நிறங்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெரிகிறது என்று சண்டைக்கு வருவது இந்த ஆண்டும் தொடர்ந்தது. இரு உருவங்களின் பொது விளிம்பு ஒரு பிக்சலின் நடுவில் விழுந்தால், முதல் நிறம் அதில் பாதியை மூடும். இரண்டாவது நிறம் மிச்சமுள்ள வெள்ளையில் பாதியைத்தான் மூடும். கால் பங்கு வெள்ளை எட்டிப் பார்க்கும். அது திரையின் கோளாறு, பார்ட்டியிடம் சொல்லிவிடலாம். ஆனால் அச்சில் ரெஜிஸ்டர் விலகினால், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் போனால், தெரியும் வெள்ளை உண்மையானது, அதற்கு நாம்தான் பொறுப்பு. அடியிலுள்ள உருவத்தை மேலுள்ளதற்குள் கொஞ்சம் நீட்டிவிட்டால் திரைத் தொல்லை தீரும். அச்சுத் தொல்லைக்கு அது மட்டும் போதாது, மேலுள்ள உருவம் அடியிலுள்ளதை வெட்டிவிடும்; விளிம்பில் இரு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகும்படி ஓவர்பிரிண்ட் கொடுக்க வேண்டும்.

இவற்றையொட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது. உறுப்பினர் எவரும் ஃபைலை அச்சகத்துக்கு அனுப்புமுன் ஒருமுறை வயர்ஃப்ரேமில் பார்த்துவிட்டு அனுப்புவது என்பது அது. சீசனில் அதற்கு நேரமேது என்று இருவர் எதிர்த்தார்கள். எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டுள்ளது. என் பிளேட் செலவும் பதிவு செய்யப்பட்டுள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது. பெயர்களை மேடையில் வாசிக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன். அடுத்த ஆண்டு, வலைபோன்ற கட்டங்களில் நிறங்களைக் கலந்து நிரப்பும் மெஷ் ஃபில் பற்றி வகுப்பு வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பழமும் முகமும் வரைபவர்களுக்கு அது பயன்படும், ஆடிக்கு முன்பே நடத்திவிட உத்தேசம்.

வகுப்புக்கு இடம் தந்த உறுப்பினருக்கும், கோலம் போட்டுக் காட்டிய சகோதரிக்கும் நன்றி. மூன்றாவது வகுப்பன்று அந்த அறையிலிருந்து யாரோ எடுத்துச் சென்ற மின் இணைப்புப் பெட்டி இன்னும் திரும்பி வரவில்லை. வைத்திருப்பவர் தேநீர் இடைவேளையில் என்னிடம் கொடுத்துவிட்டால் போதும், கேள்வி கேட்க மாட்டேன். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்