கிரைண்டர் கடை அம்மிணி மேயருக்கு நிற்கிறாரா?

ஆவாரம்பாளையம், கோவை
8 பிப்ரவரி 2022

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒரு வாரமாகக் கடைக்கு வருகிற எல்லோரும் பெல்ட், மோட்டார் பேச்சை எடுக்கும் முன்பே, "அம்மிணி, மேயருக்கு நிக்கறீங்களாமே?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் இந்த மடல்.

இந்த மாநகராட்சித் தேர்தலில் நான் நிற்பது கவுன்சிலருக்கு, அதுவும் சுயேச்சையாக. 2011இல் மேயருக்கென்று தனியாக ஓட்டுப் போட்டோம். இப்போது அந்த முறை இல்லை. 19ஆம் தேதி உங்களுக்கு வார்டு கவுன்சிலருக்கான ஒரே ஓட்டுதான். ஜெயித்து வரும் 100 கவுன்சிலர்கள் மார்ச் 4ஆம் தேதி தங்களுக்குள் ஒருவரை மேயராக்குவார்கள். இந்த முறை கோவை மேயர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்ததும், பக்கத்து லேத் பட்டறை அண்ணன் டீக்கடையில் கிளப்பிவிட்ட பேச்சு இது. எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கட்சிக்காரர்கள் நிறைந்த மன்றத்தில் ஒரு சுயேச்சைக்கு அது நடக்கிற காரியமா!

அப்புறம் ஏன் நிற்கிறாய் என்கிறீர்களா? போன ஐப்பசி மழையில் ஒரு அக்கா ஸ்கூட்டரில் முன்னால் கிரைண்டரை வைத்துக்கொண்டு சர்வீஸுக்கு வந்தார். கடைக்குப் பத்தடி தூரத்தில், தண்ணீர் மூடியிருந்த சாக்கடைக் குழியில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, உருளைக்கல் இரண்டு துண்டு. கல்லை மாற்றிக் கொடுத்தேன். குழியை யாரிடம் போய்ச் சொல்ல? 2016 அக்டோபரோடு பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்து வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது.

ஊரோ நிற்காமல் வளர்கிறது. 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 2011இல் 257 ஆனது. சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளுக்கு வந்து அபார்ட்மெண்டில் குடியேறியவர்கள், டேபிள் டாப் கிரைண்டரில் சப்பாத்தி மாவு பிசையலாமா என்று கேட்கிறார்கள். (பிசையலாம், அதற்குத் தனி இணைப்பு உண்டு.) கையோடு, குப்பை வண்டி எப்போது வரும் என்றும் கேட்கிறார்கள். கிரைண்டர் கடைக்காரியிடம்! சரி, அதையும் பார்ப்போமே என்றுதான் 4,000 ரூபாய் டெபாசிட் கட்டினேன்.

இனி கடை விஷயம். தை மாதம் வழக்கமாகச் செய்யும் இலவச பெல்ட் மாற்றம், ஓட்டு எண்ணும் 22ஆம் தேதி வரை கிடையாது. வேட்பாளர் எதைச் சும்மா கொடுத்தாலும் அது ஓட்டுக்குக் கொடுத்ததாகத்தான் ஆகும். "டோக்கன் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வாங்கிக்கலாம்" என்றும் சொல்ல மாட்டேன். ஓட்டுக்கு முன்னால் டோக்கனைக் கொடுத்து, பணம் பிறகு என்று சொல்லும் கதை உங்களுக்கே தெரியும். டில்டிங் கிரைண்டருக்கு (சாய்த்து மாவெடுக்கும் பெரிய கிரைண்டர்) ரொக்கம் கொண்டுவரும் ஹோட்டல்காரர்கள், 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கணக்குக் காகிதத்தையும் கையில் வைத்திருங்கள். தேர்தல் பறக்கும் படை வழியில் நிறுத்துகிறது.

கடைக்குள் யாரிடமும் ஓட்டுக் கேட்க மாட்டேன். அதற்கு உங்கள் வீட்டுக்கே வருவேன், அப்போது திட்டுவதென்றாலும் திட்டுங்கள். மாலையில் நான் இல்லாத நேரம் தம்பி கடையில் இருப்பான்.

19 சனிக்கிழமை கடை விடுமுறை. சர்வீஸ் முடிந்த கிரைண்டர்களை 18ஆம் தேதி மாலைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளியிலிருந்து ஒரு சிவப்பு மூடிக் கிரைண்டர் ஆள் வராமல் கிடக்கிறது. யாருடையது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கிரைண்டர் கடை அம்மிணி